பத்துக் கட்டில் கூட்டுவதற்கு முன்னால்

உங்கள் கேள்வி இது: 16 முதல் 24 வயது வரையுள்ள வீடற்ற இளைஞர்களுக்காக ஒரு சிறிய குழுவாக இரவுத் தங்குமிடம் நடத்துகிறீர்கள். இருபது கட்டில். எப்போதும் நிரம்பியே இருக்கிறது. இப்போது கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. அதில் இன்னும் பத்துக் கட்டில் போடலாமா, இல்லை சேவையை மேம்படுத்த வேறு வழி இருக்கிறதா?

நான் பதினான்கு வருடம் இதே மாதிரி ஒரு தங்குமிடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். முதலில் இரவுப் பணி, அப்புறம் களப்பணி, கடைசி ஆறு வருடம் பொறுப்பாளர். என் பதில்: இப்போதைக்குக் கட்டில் போடாதீர்கள். அந்தப் பணத்தைப் போட வேண்டிய இடங்கள் வேறு.

ஏன் என்று சொல்கிறேன். வீடு என்பது என்ன? பத்தொன்பது வயதில் ஒரு பையன் வேலையை விடுகிறான், பரீட்சையில் கோட்டை விடுகிறான், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு நண்பன் அறைக்குப் போய்விடுகிறான். மூன்றாம் நாள் பசியோடு வந்து நிற்கிறான். திட்டு விழும். ஆனால் சாப்பாடும் இருக்கும், படுக்க இடமும் இருக்கும். தப்புப் பண்ணிவிட்டுத் திரும்பி வரலாம் என்ற அந்த உறுதிதான் வீடு. கூரையும் சுவரும் அதற்கு அப்புறம்தான். வீடற்ற இளைஞர்களுக்கு இல்லாமல் போனது இந்த உறுதிதான். நம் சேவைகளோ பெரும்பாலும் கூரையைக் கொடுத்துவிட்டு, முதல் தப்பிலேயே அதைப் பறித்துக்கொள்கின்றன. எந்தத் தங்குமிடத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இங்கே தப்புப் பண்ணிய பிள்ளை திரும்பி வர முடியுமா?

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. எங்களிடம் ஒரு பெண் இருந்தாள், பத்தொன்பது வயது. கிடங்கு ஒன்றில் பொட்டலம் கட்டும் வேலை கிடைத்திருந்தது. எங்கள் விதிப்படி இரவு 9 மணிக்குக் கதவு மூடும். மூன்று முறை தாமதமானால் கட்டில் போய்விடும். அவளுடைய ஷிப்ட் முடிவதே எட்டரைக்கு. இரண்டு முறை எச்சரித்தோம். மூன்றாவது முறை வந்தபோது மணி 9.40. வெளியேற்றக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். அவள் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. லாக்கரைத் திறந்து சார்ஜர், சோப்புப் பெட்டி, வேலைக்குப் போட்டுப்போகும் ஷூ எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்தாள். யாரும் சொல்லாமலேயே போர்வையை மடித்துக் கட்டிலின் மேல் வைத்தாள். "அக்கா, லாக்கர் சாவியை யார்கிட்ட குடுக்கணும்?" என்று மட்டும் கேட்டாள்.

ஐந்து மாதம் கழித்து அவள் மறுபடி வந்தாள். வேலை போயிருந்தது. அந்த ஐந்து மாதம் எங்கே இருந்தாள் என்பதை அவள் முழுதாகச் சொல்லவில்லை, சொன்னவரைக்கும் போதுமானதாக இருந்தது. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே நாங்கள் எழுதியது: "புதிய வருகை."

அன்றைக்கு இரவு நானும் உடன் வேலை பார்த்தவரும் உட்கார்ந்து அந்த வருடத்துப் பதிவேட்டை முதலிலிருந்து புரட்டினோம். வெளியேறிய காரணம் என்று ஒரு பத்தி உண்டு. அதில் திரும்பத் திரும்ப வந்த சொல் "விதிமீறல்". தாமதம், அறையில் சிகரெட், பொறுப்பாளரை எதிர்த்துப் பேசியது, இரண்டு இரவு சொல்லாமல் வராமல் இருந்தது. இதெல்லாம் அந்த வயதில் எந்த வீட்டிலும் நடக்கிற விஷயங்கள். எந்த வீட்டிலும் இதற்காகப் பிள்ளையை ராத்திரியில் தெருவில் விடுவதில்லை.

அதனால் பணம் எதுவும் செலவாகாத முதல் வேலை, உங்கள் விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதிக்கும் "இது யாருடைய பாதுகாப்புக்கு?" என்று கேட்பது. ஆயுதம் கூடாது, அடிதடி கூடாது, மற்றவர் உடலையோ பொருளையோ தொடக்கூடாது: இவை இருக்கத்தான் வேண்டும், கறாராகவே இருக்க வேண்டும். இரவில் கதவு மூடும் நேரம் இருக்கலாம், ஆனால் தாமதமாக வருகிறவருக்குத் திறந்துவிட ஓர் ஆள் இருக்க வேண்டும். ஊழியர்களின் வசதிக்காக மட்டும் இருக்கிற விதிகளை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரே ஒரு விதியை உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்: அடுத்து எங்கே படுப்பார் என்று தெரியாமல் யாரையும் வெளியே அனுப்புவதில்லை, இரவில் அனுப்புவதே இல்லை. அடிதடியில் ஒருவரை அனுப்பியே ஆக வேண்டும் என்றாலும், வேறு இடம் ஏற்பாடு செய்து, எந்தத் தேதியில் திரும்பி வரலாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். நாங்கள் இதைச் செய்தபோது ஊழியர்கள் பயந்தார்கள், கட்டுப்பாடே போய்விடும் என்றார்கள். நடந்தது என்னவென்றால், சண்டை குறைந்தது. எந்த நேரமும் துரத்தப்படலாம் என்று பயந்துகொண்டிருக்கிற பிள்ளைதான் முதலில் கை ஓங்குகிறான்.

கொஞ்சம் விலகிப் பெரிய படத்தைப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பிள்ளைகள் பெற்றோர் வீட்டை விட்டுத் தனியாகப் போகும் சராசரி வயது 2022ல் 26.4. குரோஷியாவில் அது 33ஐத் தாண்டுகிறது. மிகச் சீக்கிரம் வெளியேறுகிற பின்லாந்திலேயே 21. ஆக, அம்மா அப்பா இருக்கிற பிள்ளைக்கு இருபதுகளின் நடுவரை அவகாசம் கிடைக்கிறது. காப்பகத்தில் வளர்ந்த பிள்ளைக்கோ பல இடங்களில் பதினெட்டாவது பிறந்தநாளோடு கெடு முடிந்துவிடுகிறது. முன்யோசனை, பொறுமை, ஆத்திரத்தை அடக்குவது போன்றவற்றுக்குப் பொறுப்பான மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆதரவு அதிகம் தேவைப்படுகிற பிள்ளைக்குத்தான் அவகாசம் குறைவு.

இது சட்டங்களில் மெதுவாக மாறி வருகிறது. அமெரிக்காவில் 2008ல் வந்த சட்டம், வளர்ப்புப் பராமரிப்பை 21 வயது வரை நீட்டிக்க மாநிலங்களுக்கு வழி செய்தது. இங்கிலாந்தில் 2014 முதல், வளர்ப்புக் குடும்பத்தோடு 21 வரை தொடர்ந்து இருக்கலாம். இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், காப்பகத்தை விட்டுப் போகிறவர்களுக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு என்கிறது. அதன் விதிகளில் தேவைப்பட்டால் 23 வரை நீட்டிக்க இடம் உண்டு. சட்டத்தில் இருப்பது கைக்கு வந்து சேர, யாராவது பின்னால் நின்று மனு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் பகுதியில் காப்பகங்கள் இருந்தால், பதினேழரை வயதிலேயே அந்தப் பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள். அவர்களில் சிலர் ஒரு வருடத்தில் உங்கள் கதவைத் தட்டக்கூடும்.

வீடற்றவர் என்றதும் நடைபாதையில் போர்த்திப் படுத்திருப்பவர்தான் நம் கண்முன் வருகிறார். இளைஞர்களை அப்படித் தேடினால் கிடைக்க மாட்டார்கள். நண்பன் வீட்டு சோபாவில் நான்கு நாள், தூரத்து உறவினர் வீட்டு வராந்தாவில் இரண்டு வாரம், வேலை செய்யும் கடையிலேயே படுக்கை, அப்புறம் ரயில் நிலையம், மறுபடி இன்னொரு நண்பன் என்று ஒண்டிக்கொண்டே நகர்வார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சாபின் ஹால் ஆய்வு மையம் 2017ல் வெளியிட்ட தேசிய அளவிலான கணக்கெடுப்பு இப்படி ஒண்டிக்கிடந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவில் 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்களில் பத்தில் ஒருவரும், 13 முதல் 17 வயதுக்குள் முப்பதில் ஒருவரும் ஒரு வருடத்துக்குள் ஏதோ ஒரு வகையில் வீடற்றிருந்திருக்கிறார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைப் போல நான்கு மடங்குக்கும் மேல். தன்பாலீர்ப்பு கொண்டவர்களுக்கும் திருநர்களுக்கும் இரண்டு மடங்குக்கும் மேல். பின்னால் சொன்னதைக் கவனியுங்கள்: அந்தப் பிள்ளைகளில் பலரை வீட்டை விட்டுத் துரத்தியதே அவர்கள் யார் என்பதுதான். ஆண்கள் அறை, பெண்கள் அறை என்று இரண்டே கதவு வைத்திருக்கிற தங்குமிடத்தின் வாசலில் ஒரு திருநங்கை எந்தப் பக்கம் திரும்புவாள்? பூட்டு உள்ள தனி அறை குறைந்தது இரண்டு வேண்டும். குளியலறையும் தனியாக வேண்டும். பத்துக் கட்டிலுக்கான பணத்தில் இதைச் செய்தால்கூட நான் சந்தோஷப்படுவேன்.

தடுப்பது பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவான வேலை அதுதான். ஒரு பிள்ளை வெளியே கழிக்கும் முதல் இரவுக்கு முன்னால் பெரும்பாலும் யாரோ ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். வகுப்பாசிரியருக்கு, நண்பனின் அம்மாவுக்கு, சில சமயம் பள்ளி வாசலில் இருக்கும் காவலருக்கு. ஆஸ்திரேலியாவில் ஜீலாங் நகரத்துப் பள்ளிகள் இதை முறையாகவே செய்தன. எல்லா மாணவர்களிடமும் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறாயா, கடைசியாக எப்போது வீட்டை விட்டுப் போனாய் என்கிற மாதிரிக் கேள்விகள். பதிலில் ஆபத்து தெரிந்த பிள்ளைகளோடும் குடும்பங்களோடும் பள்ளியும் உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து வேலை செய்தன. 2013க்கும் 2016க்கும் இடையில் அந்தப் பள்ளிகள் இருந்த பகுதியில் வீடற்றோர் சேவைகளுக்கு வந்து சேர்ந்த பதின்வயதினர் எண்ணிக்கை 40 சதவீதம் குறைந்தது.

உங்களைப் போன்ற சிறிய குழுவால் கேள்வித்தாள் எல்லாம் முடியாது, சரி. ஆனால் பக்கத்தில் உள்ள மூன்று பள்ளிகளில் தலா ஓர் ஆசிரியரிடம் உங்கள் போன் எண்ணைக் கொடுக்க முடியும். குடும்பத்தோடு பேசித் தீர்க்கத் தெரிந்த ஒருவரை, வாரத்தில் இரண்டு நாளுக்காவது, வேலைக்கு வைக்க முடியும். பதினாறு, பதினேழு வயதில் வீட்டை விட்டு வருகிறவர்களில் நிறையப் பேர் ஒரு சண்டையில் கிளம்பி வந்தவர்கள். கிளம்பிய வேகத்தில் வீட்டுக்குப் போன் பண்ணத் தன்மானம் இடம் கொடுக்காது; வீட்டில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான். நடுவில் ஒருவர் போய் உட்கார்ந்தால் பல கதவுகள் இரண்டு நாளில் திறக்கும். பெற்றோரிடம் முடியாவிட்டால் அத்தை, பாட்டி, பெரியண்ணன் என்று யாராவது இருப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடி, பாலியல் கொடுமை, கட்டாயக் கல்யாணம் என்று தப்பி வந்த பிள்ளையிடம் "சமாதானமாகப் போ" என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. முதல் சந்திப்பில் அந்தப் பிள்ளையிடம் தனியாக, அவசரப்படாமல் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வீட்டுக்குப் போன் பண்ணுவதா என்று யோசிக்க வேண்டும்.

அந்த இரண்டு நாள் இடைவெளிக்கு எல்லாரையும் பெரிய தங்குமிடத்துக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1987ல் நைட்ஸ்டாப் என்று ஒரு ஏற்பாடு தொடங்கியது. சோதித்துத் தேர்ந்தெடுத்த, பயிற்சி கொடுக்கப்பட்ட குடும்பங்கள் தங்கள் வீட்டில் காலியாக இருக்கும் ஓர் அறையை ஓர் இரவுக்கோ சில இரவுகளுக்கோ ஓர் இளைஞருக்குக் கொடுக்கின்றன. இன்றும் நடக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளையை, பல வருடம் தெருவில் இருந்து பழகியவர்களோடு ஒரே கூடத்தில் படுக்க வைப்பதை விட இது எவ்வளவோ மேல். தெரு வாழ்க்கையின் பாடங்களை முதல் இரவிலேயே கற்றுக்கொடுக்க அங்கே ஆட்கள் இருப்பார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

துறைகளுக்கு நடுவே பிள்ளையைப் பந்தாடுவது எல்லா இடத்திலும் உள்ள வியாதி. குழந்தைகள் நலத்துறை, "பதினேழு ஆயிற்று, வீட்டுவசதித் துறையைப் பாருங்கள்" என்பார்கள். வீட்டுவசதித் துறை, "பதினெட்டு ஆகவில்லை" என்பார்கள். பிரிட்டனில் இது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் அவை வரை போய், 2009ல் தீர்ப்பு வந்தது: வீடற்ற 16, 17 வயதுப் பிள்ளைகளுக்குக் குழந்தைகள் நலத்துறைதான் முதல் பொறுப்பு, தங்க இடம் பார்த்துக் கொடுத்துவிட்டுக் கைகழுவ முடியாது. உங்கள் பகுதியில் அப்படி ஒரு தீர்ப்பு இல்லாவிட்டாலும், இரண்டு துறை அதிகாரிகளையும் மாதம் ஒரு முறை ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி "இவருக்கு யார் பொறுப்பு?" என்று கேட்கலாம். நாங்கள் செய்தோம். எரிச்சலான கூட்டம்தான், ஆனால் வேலை நடந்தது.

இனி வீடு. 1992ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் பாத்வேஸ் டு ஹவுஸிங் என்ற அமைப்பைத் தொடங்கினார். குடியை விட்டுவிட்டு வா, மருந்து ஒழுங்காகச் சாப்பிடு, அப்புறம் வீடு தருகிறோம் என்பதுதான் அதுவரை வழக்கம். அவர் அதைத் திருப்பிப் போட்டார்: முதலில் வீடு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு, அதுவும் வீடு பெற்றவர் விரும்பினால். பின்லாந்து 2008ல் இதையே நாட்டின் கொள்கையாக்கித் தங்குமிடங்களை வாடகை வீடுகளாக மாற்றத் தொடங்கியது. ஹெல்சிங்கியில் 1985ல் விடுதிகளிலும் தங்குமிடங்களிலும் சுமார் 2,100 படுக்கைகள் இருந்தன. 2016ல் மிஞ்சியது ஐம்பது சொச்சம். அந்த ஊர் படுக்கைகளைக் குறைத்துத்தான் வீடற்றோரையும் குறைத்தது. கட்டில் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இளைஞர்களுக்கு இதை அப்படியே எடுத்துப் போடக்கூடாது. கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து இந்த முறையைச் சோதித்தது. அதில் இருந்த 18 முதல் 24 வயதுக்காரர்கள் 156 பேரைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். முதலில் வீடு கிடைத்தவர்கள் 65 சதவீத நாட்கள் நிலையான வீட்டில் இருந்தார்கள். வழக்கமான சேவை கிடைத்தவர்கள் 31 சதவீதம்தான். இரண்டு மடங்கு! ஆனால் மனநலம், வேலை போன்ற மற்ற விஷயங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. கூரை நிலைத்தது, வாழ்க்கை தானாக நகரவில்லை. அதனால்தான் கனடாவிலேயே இளைஞர்களுக்கென்று இதைத் திருத்தி எழுதினார்கள்: வீட்டோடு கூடப் படிப்பு, குடும்ப உறவு, வயதுக்கேற்ற ஆதரவு, எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று அவர்களே தேர்ந்தெடுக்கும் உரிமை.

வாழ்க்கை தானாக நகராது என்பதை நான் ஒரு அறையில் பார்த்தேன். எங்களிடம் இரண்டு வருடம் வந்து போய்க்கொண்டிருந்த ஒரு பையனுக்கு ஒற்றை அறை வீடு கிடைத்தது. நல்ல அறை, ஜன்னலில் வெளிச்சம். இரண்டாவது வாரம் பார்க்கப் போனேன். கட்டில் மெத்தையின் பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. கதவை ஒட்டித் தரையில் ஒரு துண்டு விரித்திருந்தது, பக்கத்தில் பை, ஜிப் மூடியபடி. ஷூவைக் கழற்றாமலேயே தூங்குகிறான் என்று தெரிந்தது. "ரொம்ப அமைதியா இருக்கு அக்கா, தூக்கம் வரல" என்றான். ஆறாவது வாரம் அறையைப் பூட்டிவிட்டுப் பழைய நண்பர்களிடம் போய்விட்டான்.

பல திட்டங்களில் கதை இங்கே முடிந்திருக்கும்: "வீட்டைப் பயன்படுத்தவில்லை", கோப்பு மூடப்பட்டது, வீடு அடுத்தவருக்கு. நாங்கள் ஒன்றரை மாதம் வாடகையைக் கட்டிக்கொண்டே இருந்தோம். வாரம் ஒரு முறை அவனைத் தேடிப் போய், அறை இருக்கிறது என்று சொன்னோம். ஒருநாள் தானாகவே வந்தான். முதல் மாதம் இன்னொரு பையனும் அவனோடு தங்க அனுமதித்தோம், வீட்டுக்காரரிடம் பேசித்தான். அப்புறம் அவன் அங்கேயே இருந்தான். உறையை எப்போது பிரித்தான் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது முறை போனபோது மெத்தையில் விரிப்பு இருந்தது, வாசலில் ஷூ கிடந்தது.

ஆகவே தனி வீடு, கூட்டு வீடு என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். சிலருக்குத் தனிமை வேண்டும், சிலரை அது தின்றுவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சில் வளர்ந்த ஃபுவாயே விடுதிகள், 1990களில் பிரிட்டனிலும் பிறகு ஆஸ்திரேலியாவிலும் பரவியவை, ஒரு நல்ல நடுவழி: சொந்த அறை, சொந்தச் சாவி, பொதுச் சமையலறை, கீழ்த்தளத்தில் வேலை, படிப்பு இவற்றுக்கு உதவும் ஆட்கள். அதன் பலவீனம், படிப்பிலோ வேலையிலோ இருந்தால்தான் அறை என்று பல இடங்களில் நிபந்தனை வைப்பது. வேலை போன அன்றே வீடும் போகும் என்றால், நான் முதலில் சொன்ன உறுதி அங்கே இல்லை.

வீட்டுக்காரர்களைப் பற்றி ஒன்று. பதினெட்டு வயதுப் பையனுக்கு, முன்பின் வாடகைக்கு இருந்த பழக்கம் இல்லாதவனுக்கு, ஜாமீன் சொல்ல ஆள் இல்லாதவனுக்கு யாரும் சுலபமாக வீடு தர மாட்டார்கள். அவர்களைத் திட்டிப் பயன் இல்லை. வாடகை ஒப்பந்தத்தை உங்கள் அமைப்பின் பெயரில் போட்டு, பையனுக்கு உள்வாடகையாகக் கொடுங்கள். ஒரு வருடம் ஒழுங்காகப் போனால் ஒப்பந்தத்தை அவன் பெயருக்கே மாற்றுங்கள். வீடு மாற வேண்டாம், பெயர் மட்டும் மாறட்டும். வாடகையை நீங்கள் தேதி தவறாமல் கட்டுங்கள். முக்கியமாக, சத்தம், சண்டை என்று வீட்டுக்காரர் கூப்பிட்டால் அன்றைக்கே போய் நில்லுங்கள். எங்கள் அனுபவத்தில், ஒரு வீட்டுக்காரர் நல்லபடியாகச் சொன்னால் அவருக்குத் தெரிந்த இன்னும் இரண்டு பேர் வீடு கொடுத்தார்கள்.

இதையெல்லாம் செய்ய ஆள் வேண்டும், அங்கேதான் உங்கள் பணம் போக வேண்டும் என்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரே ஆள். தங்குமிடத்தில் ஒருவர், வீடு பார்க்க இன்னொருவர், வேலைக்கு வேறொருவர் என்று பிரித்தால் அந்தப் பிள்ளை தன் கதையை, அதிலும் சொல்லவே கூசும் பகுதிகளை, ஒவ்வொரு மேசையிலும் புதிதாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது மேசையில் சொல்வதை நிறுத்திவிடுவான். நியூயார்க்கில் தங்குமிடங்களை விட்டுப் போகிறவர்களுக்காக உருவான ஒரு முறை உண்டு: வெளியேறிய பிறகு ஒன்பது மாதம் அதே பணியாளர் தொடர்ந்து போவார். முதல் மூன்று மாதம் நெருக்கமாக, அடுத்த மூன்று மாதம் கொஞ்சம் தள்ளி நின்று, கடைசி மூன்று மாதம் அக்கம்பக்கத்து ஆதரவுகளிடம் ஒப்படைத்தபடி. பெரியவர்களுக்கே ஒன்பது மாதம் என்றால், இளைஞர்களுக்கு நான் இரண்டு வருடம் கேட்பேன். ஒரு பணியாளருக்குப் பத்துப் பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். அவருக்கு நல்ல சம்பளம் கொடுங்கள், ஏனென்றால் எட்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனால் அந்தப் பத்துப் பேருக்கும் அது இன்னொரு கைவிடல்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, போன்: இவற்றை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள், ஆவணங்களின் பிரதியை அவர்கள் அனுமதியோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் பை திருட்டுப் போனால் ஒரு வருட வேலை போய்விடும்.

கையில் பணம் கொடுப்பதைப் பற்றித் தயங்குவீர்கள். நானும் தயங்கியவள்தான். கனடாவின் வான்கூவரில் 2018ல் வீடற்ற பெரியவர்கள் ஐம்பது பேருக்கு ஒரே தவணையில் 7,500 கனடிய டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். 2023ல் வந்த ஆய்வு முடிவுப்படி, பணம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் ஒரு வருடத்தில் 99 நாட்கள் குறைவாகவே வீடற்றிருந்தார்கள். மது, போதை, புகையிலைச் செலவு கூடவில்லை. நான் உங்களிடம் அவ்வளவு பெரிய தொகை கேட்கவில்லை. முன்பணத்துக்கு, ஷூவுக்கு, முதல் சம்பளம் வரும்வரை பஸ் கட்டணத்துக்கு என்று களப்பணியாளர் தன் பொறுப்பில் அன்றைக்கே கொடுக்கக்கூடிய ஒரு சிறிய நிதி போதும். மூன்று கையெழுத்துக்குக் காத்திருந்தால் அந்த வேலை போய்விடும்.

உங்கள் சேவையில் இருந்து வெளியேறி இரண்டு மூன்று வருடம் ஆன இளைஞர்கள் இருவரைச் சம்பளம் கொடுத்து உங்கள் குழுவில் சேருங்கள். ஆலோசனைக் கூட்டத்துக்கு அழைத்து டீ கொடுத்து அனுப்புவதைச் சொல்லவில்லை. விதிப் புத்தகத்தைத் திருத்தும்போது அவர்களும் உட்கார வேண்டும். எங்கள் லாக்கருக்குள் சார்ஜர் பாயின்ட் வைக்கச் சொன்னது அப்படி வந்த ஒரு பையன்தான். போனைக் கண்ணெதிரே சார்ஜ் போட்டுவிட்டுக் காவலிருந்தே தூக்கம் கெடுகிறது என்றான். பத்து வருடமாக அங்கே வேலை செய்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

ஆகப் பணத்தை இப்படிப் பிரிக்கலாம்: பெரும்பகுதி, இரண்டு வருடத்துக்கு ஒரு முழுநேரக் களப்பணியாளர். அடுத்தது, உங்கள் பெயரில் மூன்று நான்கு வாடகை அறைகள். மிச்சத்தில் குடும்பத்தோடு பேச ஒரு பகுதிநேர ஆள், சிறிய கைநிதி. நான்கு பேர் நிலையாக வெளியே போய்விட்டால் உங்கள் தங்குமிடத்தில் நான்கு கட்டில் காலியாகும், அடுத்த வருடம் இன்னும் நான்கு. எத்தனை பேர் தங்கினார்கள் என்ற கணக்கை மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு, போனவர்கள் ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். திரும்பி வருகிறவரைப் "புதிய வருகை" என்று எழுதாதீர்கள்.

இதற்கெல்லாம் ஒப்புதல் வாங்க நாளாகும். அதுவரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று இருக்கிறது. கடந்த ஒரு வருடப் பதிவேட்டை இன்றைக்கு எடுங்கள். "விதிமீறல்" என்று எழுதி அனுப்பியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். போன் எண் இருக்கிறவர்களைக் கூப்பிடுங்கள். பலர் எடுக்க மாட்டார்கள், எண் மாறியிருக்கும். எடுக்காதவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள்: "அன்றைக்கு உன்னை அனுப்பியிருக்கக்கூடாது. இப்போது எங்கே இருக்கிறாய்? இங்கே வரலாம், எந்த நேரமானாலும் கதவைத் திறப்போம்."